வெறும் குளிர்

ஹைதராபாத்
24.1.2025

அன்புள்ள காக்காவுக்கு,

நஃபீசாவின் சலாம். ரயிலில் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். மதினிக்கு இருமல் நின்றதா? லாமியாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று எழுதப் போனேன். இப்படி ஒரு கடிதம் வந்ததே அவளுக்குத் தெரியக் கூடாது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

நீங்கள் சொன்னபடி மீன் ஏலக்கூடத்து விலாசத்துக்கே எழுதுகிறேன். போன் எப்போதும் மகள் கையில்தான் இருக்கிறது என்பது எனக்கும் தெரியும். நிக்காஹ் முடியும்வரை லாமியாவுக்குத் தெரியக் கூடாது, புதுமடத்தில் மாப்பிள்ளையின் வாப்பா சதக்குக்குத் தெரியவே கூடாது என்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இரைப்பையில் புற்றுநோய் வருவது குற்றமில்லை. ஆனாலும் அது உங்கள் வீடு, உங்கள் முடிவு.

மதுரையில் டாக்டர் கலைச்செல்வி பேசிய வேகத்தில் நீங்கள் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தீர்கள். அதனால் மறுபடி எழுதுகிறேன். கட்டி பக்கத்திலிருக்கும் நிணநீர் நெறிகள்வரை போயிருக்கிறது. கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ போகவில்லை. எனவே முதலில் மருந்து கொடுத்துச் சுருக்குவார்கள், பிறகு அறுவை, பிறகு மறுபடியும் மருந்து.

மருந்தில் இரண்டு வழி. ஒன்று, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நாலு மருந்து. அதில் ஒன்று இடுப்பில் கட்டிய சின்ன பாட்டிலிலிருந்து ஒரு நாள் முழுக்க உள்ளே இறங்கும். கடினமானது, ஆனால் உங்கள் உடம்பு தாங்கும் என்று டாக்டர் அந்தப் பக்கமே சாய்ந்தார். மற்றது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு டிரிப், அதன்பின் வீட்டில் காலையும் இரவும் மாத்திரை. இவை தவிர, கட்டியில் ஒரு குறிப்பிட்ட புரதம் இருந்தால் அதையே குறிவைக்கும் ஊசி ஒன்று உண்டு. அந்தச் சோதனைக்குச் சதை அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அதில்தான் நம்பிக்கை.

நாலு மருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முடிவைச் சொல்லி எழுதுங்கள்.

நஃபீசா

பெரியபட்டினம்
4.2.2025

அன்புத் தங்கச்சி நஃபீசாவுக்கு காக்கா காஜா நவாஸ் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே எல்லாரும் சுகம். உன் மூட்டு வலி எப்படி? படி ஏறுகிற வேலையைக் குறை.

மாத்திரை வழியையே கேட்டிருக்கிறேன். டாக்டரம்மா உடனே சம்மதிக்கவில்லை. "பாட்டில்தான் நல்லதுன்னு நெனக்கிறேன், ஆனா நீங்க வரவே மாட்டேன்னா மாத்திரையாவது உள்ள போகட்டும்" என்றார். மாதத்துக்கு இரண்டு தரம் மதுரைக்குப் போவது சிரமம். இடுப்பில் பாட்டிலைக் கட்டிக்கொண்டு ஏலம் போட முடியுமா? நீயே சொல்.

டிரிப் ஏறியபின் சில்லென்ற எதையும் தொடக் கூடாதாம், குடிக்கக் கூடாதாம். ஐஸ் மீனில் கை விட்டுப் பிழைக்கிறவனிடம் இதைச் சொல்கிறார்கள். கூடத்தில் என்னோடு நிற்கிற வேல்ராஜிடம் "நகச்சுத்தி வந்திருக்குலே, இனி நீயே செவுளப் பாத்துச் சொல்லு" என்றேன். வள்ளத்தில் எத்தனையோ வருஷம் போனவன், கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தான். பிறகு மீன் பெட்டிக்குக் குனிந்தான்.

நீ புள்ளியியல் படிப்பிக்கிறவள். இந்த நோய் வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் தப்புகிறார்கள் என்று பார்க்காமல் இருந்திருக்க மாட்டாய். எனக்கு அதை எழுது. நான் பயப்பட மாட்டேன்.

நிக்காஹ் ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும். மாப்பிள்ளை நுஃமானுக்குக் கத்தாரில் லீவு சொல்லிவிட்டார்களாம்.

துஆ செய்.

காஜா நவாஸ்

ஹைதராபாத்
13.2.2025

அன்புள்ள காக்காவுக்கு,

சலாம். என் மூட்டுக்கு ஒன்றுமில்லை. மதினியின் இருமலைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

மதுரைக்குப் போவது சிரமம் என்பதை நம்ப நான் தயாராக இல்லை. நல்ல மீன் விலைக்காகத் தூத்துக்குடிக்கு வாரம் இரண்டு தரம் போய்வந்தவர் நீங்கள். மாத்திரையை யாருக்கும் தெரியாமல் விழுங்கலாம், பாட்டிலை மறைக்க முடியாது. அதுதானே? எது மறைக்க வசதி என்று பார்த்து மருந்தைத் தேர்ந்தெடுத்த ஒருவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

சரி. மாத்திரைதான் என்றால் அதை ஒழுங்காகச் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு, நிறையத் தண்ணீருடன். வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மார்ச் தொடக்கத்தில் ரமலான் பிறக்கிறது. நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாப்பாவுக்கு ஆபரேஷன் நடந்த வருஷம் அவரைத் தடுத்ததே நீங்கள்தான்.

புரதச் சோதனையின் முடிவு வந்ததும் எழுதுங்கள்.

நஃபீசா

பெரியபட்டினம்
27.2.2025

தங்கச்சி நஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு இருமல் நின்றுவிட்டது. எனக்கும் குறை ஒன்றுமில்லை.

முதல் டிரிப் போட்டு வந்தேன். ரெண்டு நாள் குமட்டல். ஒரு காலையில் மறந்துபோய்ப் பைப்பைத் திறந்து கை கழுவினேன். கரண்டுக் கம்பியைத் தொட்டதுபோல் விரலெல்லாம் இழுத்தது. நாலைந்து நாளில் போய்விட்டது. மாத்திரையை மதினி துப்பட்டியில் முடிந்து வைத்திருந்து எடுத்துத் தருகிறாள். லாமியா கேட்டால் பிரஷர் மாத்திரை.

அவள் துணி எடுக்க மதுரைக்குப் போக வேண்டும் என்கிறாள். நான் கூட வந்தால்தான் போவாளாம். ஆஸ்பத்திரி இருக்கிற தெருவைத் தாண்டித்தான் அந்தக் கடை.

இந்த வருஷம் ஊளி மீன் நல்ல வரத்து. நூற்றுக்கு எத்தனை என்று கேட்டேனே, அதற்கு நீ பதில் எழுதவில்லை.

அந்தச் சோதனை முடிவு வந்தது. புரதம் இல்லையாம். அந்த ஊசி எனக்குச் சேராது.

காஜா நவாஸ்

ஹைதராபாத்
12.3.2025

அன்புள்ள காக்காவுக்கு,

சலாம். உங்கள் கடிதம் வந்து சில நாளாகிவிட்டது. எழுத உட்கார்ந்தேன், எழுந்துவிட்டேன். கல்லூரியில் தேர்வு வேலை இருந்தது. அது முழுக் காரணமில்லை.

அந்த ஊசி இல்லை என்பதால் வழி இல்லை என்று ஆகாது. சோதனை செய்யப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அந்தப் புரதம் இருப்பதில்லை. அவர்களுக்கும் இதே மருந்துகளைத்தான் கொடுக்கிறார்கள், அவர்களிலும் கட்டி சுருங்குகிறது. இதைச் சமாதானத்துக்காக எழுதவில்லை.

முன் கடிதத்தில் நோன்பைப் பற்றி எழுதியிருந்தேன். நீங்கள் ஊளி மீனைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். காக்கா, நோன்பு பிடிக்கிறீர்களா? ஒரு சொல்லில் பதில் எழுதினால் போதும்.

நஃபீசா

மதுரை
21.3.2025

அன்புள்ள மாமிக்கு,

லாமியா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று போனில் அழுதுகொண்டே பேசியதில் உங்களுக்குப் பாதியும் புரிந்திருக்காது. வாப்பா இப்போது நன்றாக இருக்கிறார், தூங்குகிறார். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை வேல்ராஜ் அண்ணன் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார். "ரெண்டு மாசத்துல ஏலக்கூடத்துக்கு வார மூணாவது கடுதாசி, இது மீன் சமாச்சாரம் இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும்" என்றார். பிறகு, மூன்றாவதா இரண்டாவதா என்று அவரே குழம்பினார். வாப்பா என்னையே பிரித்துப் படிக்கச் சொன்னார். கேட்டுவிட்டு, "மாமிக்கு நீயே எழுது. ஒரு சொல்தான் கேட்டிருக்கா. ஆமா" என்றார்.

ஆமாம் மாமி, முதல் நாளிலிருந்தே நோன்பு பிடித்திருக்கிறார். ரமலானில் பகலில் தண்ணீர் குடித்தால் ஊரில் யாராவது பார்ப்பார்கள், ஏன் என்று கேட்பார்கள், புதுமடத்துக்குப் போய்ச் சேரும். அதற்காக. விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு ஒன்று, நோன்பு திறந்தபின் ஒன்று என்று மாத்திரையையும் மாற்றி வைத்துக்கொண்டார். இரண்டாவது டிரிப் ஏறியும் நிறுத்தவில்லை. வயிற்றால் போயிருக்கிறது, உம்மாவிடமே சொல்லவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் சதக் மாமா நம் பள்ளிவாசலுக்கு நோன்பு திறக்க வந்திருக்கிறார். பாங்கு சொன்னதும், சம்பந்திக்குத் தன் கையாலேயே கொடுக்க வேண்டும் என்று ஐஸ் மிதக்கும் நன்னாரி சர்பத்தை நீட்டியிருக்கிறார். சில்லென்று குடிக்கக் கூடாது என்று வாப்பாவுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கையை எப்படி மறுப்பது? வாங்கிக் குடித்திருக்கிறார். தொண்டை அடைத்ததுபோல் ஆகி, கிளாஸ் விழுந்து, கஞ்சிச் சட்டிக்குப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டார். மூச்சுக்குழாய் அடைக்கவில்லை, குளிர் பட்டு நரம்பு அப்படி ஏமாற்றுகிறது என்று டாக்டர் சொன்னார். உண்மையில் ஆபத்து, உடம்பில் தண்ணீர் வற்றிச் சிறுநீரகம் திணறியதுதானாம்.

மதுரைக்கு வரும் வழியில் காரில் உம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். முன் சீட்டில் சதக் மாமா இருந்தார். எனக்குத் தெரிந்ததும் அப்போதுதான். பரமக்குடி தாண்டும்வரை சதக் மாமா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு அவர் திரும்பிப் பார்த்து, "மச்சான், நாங்க பொண்ணத்தான கேட்டோம், ஒங்க வயித்தையா கேட்டோம்?" என்றார். அரை மயக்கத்தில் இருந்த வாப்பா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நான் வாப்பாவோடு இப்போது பேசுவதில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். வெந்நீர் வைத்துத் தருகிறேன்.

உங்களோடும் கோபம்தான் மாமி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாமியா

பெரியபட்டினம்
14.4.2025

அன்புத் தங்கச்சி நஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாளைக்கு வீட்டில்தான் இருந்தேன். சதக் மச்சான் வட்டிலப்பத்தோடு வந்துபோனார். இப்போது தண்ணீர் குடிக்கிறேன். சுற்றி நின்று குடிக்க வைக்கிறார்கள். விட்ட நோன்புகளை உடம்பு தேறியபின் பிடித்துக்கொள்ளலாம் என்று பள்ளிவாசல் ஹஜ்ரத்தே வீட்டுக்கு வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "பாய், மத்தவங்களுக்குச் சட்டம் சொல்ற ஆளு நீங்க" என்றும் சொன்னார்.

மறைக்க இனி என்ன இருக்கிறது. டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன், "அந்தப் பாட்டிலையே கட்டுங்கம்மா" என்று. சிறுநீரகம் சரியானதை இரத்தச் சோதனையில் பார்த்துவிட்டு, அளவை முதலில் கொஞ்சம் குறைத்து ஆரம்பித்திருக்கிறார். நீ சொன்ன நாலு மருந்துதான். முடி கொட்டும் என்றார். கொட்டுவதற்கு என்னிடம் அதிகம் இல்லை.

பாட்டிலோடு ஏலக்கூடத்துக்குப் போனேன். வேலை செய்ய விடவில்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வேல்ராஜ் வந்து இடுப்பைப் பார்த்தான்.

"என்ன பாய் இது, அத்தர் குப்பியா?"

"மருந்துலே."

"நகச்சுத்திக்கு இம்புட்டுப் பெரிய மருந்தா?"

கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை மாதமாக எதைச் சுமந்துகொண்டு திரிந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. பாட்டில் அவ்வளவு கனமில்லை.

லாமியா இன்னும் சரியாகப் பேசவில்லை. ஆனால் ஃப்ரிட்ஜ் பக்கம் நான் போகாதபடி அதன் கதவில் "வாப்பா திறக்கக் கூடாது" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.

நூற்றுக்கு எத்தனை என்பதை எப்போது எழுதப் போகிறாய்?

காஜா நவாஸ்

ஹைதராபாத்
25.4.2025

அன்புள்ள காக்காவுக்கு,

சலாம். கடிதத்தை இரண்டு முறை படித்தேன். வேல்ராஜுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

மருந்து வேலை செய்கிறது என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். நன்றாகச் சாப்பிட முடிவதும், வலி குறைவதும் நல்ல அடையாளங்கள்தான், ஆனால் ஸ்கேன் சொல்ல வேண்டும். காய்ச்சல் வந்தால் கஷாயம் வைத்துக்கொண்டு உட்காராமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். யாராவது பப்பாளி இலைச் சாறு, ஏதாவது பொடி என்று கொண்டுவந்தால் வாங்கி வையுங்கள், டாக்டரைக் கேட்காமல் வாயில் போடாதீர்கள்.

லாமியாவின் நிக்காஹுக்கு நான் வருகிறேன். அவள் என்னோடு போனில் பேசினாள். என்னை மன்னித்துவிட்டதாகச் சொன்னாள். உங்களை மன்னிப்பதற்கு நிக்காஹ்வரை நேரம் எடுத்துக்கொள்வாளாம்.

மதினியை ஓய்வெடுக்கச் சொல்லுங்கள்.

நஃபீசா

பெரியபட்டினம்
20.6.2025

அன்புத் தங்கச்சி நஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ நிக்காஹுக்கு வந்துபோய் ஐந்தாறு நாள்தான் ஆகிறது. அதற்குள் என்ன கடிதம் என்று நினைக்காதே. நாளை மறுநாள் ஆபரேஷனுக்காகச் சேர்கிறேன். போனிலேயே எல்லாம் பேசலாம் இப்போது. இருந்தாலும் எழுதிப் பழகிவிட்டது.

ஸ்கேனை நீயும் பார்த்தாய். கட்டி பாதிக்கும் கீழே வந்துவிட்டது என்று டாக்டரம்மா படத்தில் காட்டினார். எனக்கு இரண்டு படமும் ஒரே கறுப்பாகத்தான் தெரிந்தது. நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாய். அதைப் பார்த்துத்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. நிக்காஹில் நுஃமான் கையை நான் பிடித்து ஒப்புக்கொடுக்க வேண்டும் அல்லவா? மருந்தில் விரல் மரத்துப்போய்க் கிடக்கிறது. பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்றே தெரியவில்லை. நழுவிவிடுமோ என்று இறுக்கினேன். ஹஜ்ரத் ஓதி முடித்தபின்னும் விடவில்லை. மாப்பிள்ளை குனிந்து, "மாமா, நான் எங்கயும் போவல, கைய விடுங்க" என்றான். லாமியாவிடம் சொல்லியிருக்கிறான். அவள் அன்றைக்குச் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

ஆபரேஷனில் எனக்கு என்ன ஆனாலும், என்று ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். நீ வருவாய் அல்லவா?

காஜா நவாஸ்

ஹைதராபாத்
19.7.2025

அன்புள்ள காக்காவுக்கு,

சலாம். தையல் போட்ட இடம் ஆறுகிறதா? மதினி நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா? ஆஸ்பத்திரியில் அவர் உங்களைவிட மெலிந்து தெரிந்தார்.

வெட்டி எடுத்த பகுதியின் அறிக்கையை லாமியா போனில் அனுப்பினாள். நான் அதை நம்பாமல் இரண்டாவது பக்கத்தையும் அனுப்பச் சொல்லி வாங்கிப் படித்தேன். வெட்டிய ஓரங்களில் எங்கும் நோய் இல்லை. எடுத்த நெறிகளிலும் இல்லை. ஒன்றிரண்டில் முன்பு இருந்து மருந்தில் அழிந்த தழும்பு மட்டும் இருக்கிறது. நாலு மருந்து செய்த வேலை அது. அந்த ஊசி இல்லை என்று எழுதியிருந்தீர்களே, அன்றைக்கு நான் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு வெளியே போய் நின்றேன். இப்போது சொல்வதில் தவறில்லை.

இன்னும் நாலு முறை மருந்து இருக்கிறது. முடிந்தது என்று நினைத்து அதைத் தள்ளிப்போடாதீர்கள். இரைப்பையில் பெரும்பகுதி இல்லை, எனவே கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளையாகச் சாப்பிட வேண்டும். ஒரே தட்டில் பிரியாணியை முடிக்கும் காலம் போய்விட்டது.

நேற்று வகுப்பில் ஒரு மாணவி, "மேடம், இன்றைக்கு ஏன் சிரித்துக்கொண்டே நடத்துகிறீர்கள்?" என்று கேட்டாள். நான் சிரிக்கவில்லை என்று சொன்னேன்.

நஃபீசா

பெரியபட்டினம்
18.12.2025

அன்புத் தங்கச்சி நஃபீசாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அல்ஹம்துலில்லாஹ், எல்லாரும் சுகம். எப்போதும் போடுகிற வரிதான், ஆனால் இந்த முறை உள்ளபடி எழுதுகிறேன். மூட்டுக்கு எண்ணெய் தேய்க்கிறாயா? ஒன்றுமில்லை என்று எழுதாதே. நீ லாமியாவிடம் சொன்னது எனக்குத் தெரியும்.

கடைசி மருந்து முடிந்து வெகுநாள் ஆகிறது. மழையில் ரோடு மோசமாக இருந்ததால் உனக்கு எழுதத் தாமதம் என்று சொல்லலாம், ஆனால் ஸ்கேன் முடிவுக்காகத்தான் காத்திருந்தேன். சுத்தமாக இருக்கிறதாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார் டாக்டரம்மா. "இனிமே மறைக்க எதுவும் வச்சிருக்கீங்களா பாய்?" என்று கேட்டார். பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்றேன். அது இப்போது நிஜமாகவே பிரஷர் மாத்திரை.

நூற்றுக்கு எத்தனை என்று நான் கேட்டதற்கு நீ கடைசிவரை எழுதவில்லை. நீ மறக்கிறவள் இல்லை. அப்படியானால் நல்ல எண்ணாக இருந்திருக்காது என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நீ எழுதாமல் இருந்ததே நல்லது. இப்போதும் எழுத வேண்டாம்.

இதையெல்லாம் போனில் சொல்லியிருப்பேன். இந்தக் கடிதம் வேறு ஒன்றுக்காக.

நேற்றுக் காலை ஏலக்கூடத்தில் ஒரு வள்ளத்து மீன் வந்தது. நல்ல பாறை மீன். வேல்ராஜ் செவுளைப் பிரித்துப் பார்த்து, "நேத்து மீன் பாய்" என்றான். தூரத்திலிருந்து எனக்கு அப்படித் தெரியவில்லை. இத்தனை மாதமும் அவன் கையைத்தான் நம்பிக்கொண்டிருந்தேன். எழுந்து போய், யோசிக்காமல் பெட்டிக்குள் கையை விட்டேன். மணிக்கட்டுவரை ஐஸ்.

வேல்ராஜ் பதறி, "பாய், பாய், கைய எடுங்க" என்றான்.

"இருலே" என்றேன்.

கரண்டு இழுக்கவில்லை. முள் குத்தவில்லை. விரல் நுனி இன்னும் கொஞ்சம் மரத்துத்தான் இருக்கிறது, ஆனாலும் தெரிந்தது. குளிர்ந்தது, அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்து தெரிந்த அதே வெறும் குளிர்.

மீன் அன்றைய மீன்தான். அதைச் சொல்லிவிட்டேன். கையை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே வைத்திருந்தேன்.

காஜா நவாஸ்